கொக்கு போட்ட சட்டை

மார்ச் 4

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் வாயாடித் தங்கை எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் சுகமும் அத்தான் சுகமும் அறிய ஆவல். பட்டாணிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதாமே, இனி என்னை எப்படி ‘சித்தி’ என்று கூப்பிடுவாள்?

ஒரு மாதமாக எழுதவில்லை என்று நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். என்ன செய்ய, ஆபீசில் என் காலில் சக்கரம் கட்டிவிட்டார்கள். பையில் நாற்பது அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனியின் லோகோ. பெயரை அழித்துவிட்டுப் படத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, “இது யாருடையது தெரியுமா?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இதே நாற்பது அட்டையை ஐந்து நாடுகளில் காட்டுகிறார்கள். எந்தப் படத்தை எந்த நாட்டுக்காரர்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் வேலை.

சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஒரு குளிர்பானத்தின் படத்தை நான் இருக்கும் இந்த நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் சொல்லிவிடுகிறார்கள். வேறொரு நாட்டில் பாதிப் பேர் அதைப் பல்பொடி என்றார்களாம். ஒருவர் பால்பவுடர் படத்தைப் பார்த்ததும், “இதுவா, என் பொண்ணு பொறந்தப்போ தூங்கின பெட்டி!” என்றார். தொட்டிலுக்கு வக்கில்லாமல் அந்த அட்டைப்பெட்டியில் போட்டு வளர்த்தார்களாம். அதை எந்தக் கட்டத்தில் குறிப்பது, சொல்லு?

ஆனால் இருபத்து மூன்றாம் அட்டைதான் என்னை என்னவோ செய்கிறது. மூன்று நீலக் கோடு, அதன்மேல் ஒற்றைக் காலில் ஒரு வெள்ளைக் கொக்கு. தெரியாத படத்தைக் காட்டினால் மனிதர்கள் ‘சோப்பா, பேங்க்கா’ என்று எதையாவது உளறுவார்கள். இதைக் காட்டினால் உளறுவதில்லை. பார்த்தும் பார்க்காததுமாகத் தள்ளிவிட்டு, “தெரியாது” என்கிறார்கள். ஒரு குழந்தை ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. அதன் அம்மா வாயைப் பொத்திவிட்டாள். ஒரு பெரியவர் வாசலில் நின்றபடியே கேட்டார்: “உன்னை யார் அனுப்பினாங்க?”

இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் ‘தெரியாது’ என்றே எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் பிடரி கூசுகிறது.

உடனே பதில் போடு.

உன் அன்புத் தங்கை,
வாயாடி


மார்ச் 19

அருமைத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்தது. பட்டாணி அதை எழுத்துக்கூட்டிப் படித்து, ‘சித்தி’யை ‘தித்தி’ ஆக்கி, வீடே சிரித்தது.

அடுத்தவர் பயத்தை எல்லாம் நீ ஏன் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறாய்? சின்ன வயதிலும் இப்படித்தான். பக்கத்து வீட்டில் இருமினால் உனக்குக் காய்ச்சல் வரும்.

இங்கே நல்ல சேதி. உன் அத்தானுக்குப் புது ஃபாக்டரியில் வேலை கிடைத்திருக்கிறது. சலவைத்தூள் செய்கிறார்கள். குழாய், வால்வு எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் வேலை. குவார்ட்டர்ஸும் கொடுத்துவிட்டார்கள். இரண்டு அறை, குழாயைத் திறந்தால் நாள் முழுக்கத் தண்ணீர்! போன்கூட இருக்கிறது. ஆனால் கம்பெனி எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் பேச வேண்டும். நாம் பேசுவதை அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் கேட்டுச் சிரிப்பாள். நமக்குக் கடிதமே தேவலை.

உன் அக்காவும் சும்மா இல்லை. தொழிலாளர் சட்டைக்கு பேட்ஜ் தைக்கும் வேலை கடைத்தெருத் தையல்காரம்மாவுக்கு வந்தது. அவள் பாதியை என்னிடம் தள்ளிவிட்டாள். மெஷின் எம்பிராய்டரி. முதல் இருபது கோணிப்போயிற்று, இப்போது கை படிந்துவிட்டது. ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். கழுத்து வளைவைப் பார், நூல் எங்காவது பிசிறியிருக்கிறதா?

உன் அத்தான் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, “மாப்பிள்ளை மாதிரி இல்ல?” என்றார். எவ்வளவு நாள் ஆயிற்று, அவர் அப்படிச் சிரித்து.

உன் அக்கா


மார்ச் 30

அக்கா,

விசாரிப்பெல்லாம் பிறகு. உன் உறையைப் பிரித்ததும் பேட்ஜ் மடியில் விழுந்தது. தேள் விழுந்ததுபோல உதறி எழுந்துவிட்டேன். மூன்று நீலக் கோடு. வெள்ளைக் கொக்கு. இருபத்து மூன்றாம் அட்டை.

நான் அட்டை காட்டிய தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா இருக்கிறாள். அவளும் ‘தெரியாது’ என்றவள்தான். நேற்று அட்டையை எடுத்துப் போகவில்லை, நீ தைத்ததை எடுத்துப் போனேன். “எங்க அக்கா வீட்டுக்காரர் இதைப் போட்டுக்கிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போறார்” என்றேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நாற்காலியில் இருந்தவருக்குப் பாதித் தலைதான் வெட்டியிருந்தது; “நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருக் கோடியில் கொக்குக் கம்பெனியின் சலவைத்தூள் ஃபாக்டரி இருந்ததாம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, குளோரின் தொட்டியின் வால்வு துருப்பிடித்து விட்டுப்போயிற்று. மஞ்சளும் பச்சையுமாகப் புகை. மேலே போகவில்லை அக்கா, அது காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகத் தெருவுக்குள் வந்ததாம். பயந்து நிலவறைக்குள் ஓடி ஒளிந்தவர்கள் ஒருவரும் திரும்பி ஏறவில்லை. அவள் புருஷனும் மாமியாரும் அப்படித்தான் போனார்கள்.

“சைரன் அடிக்கலையா?” என்று கேட்டேன்.

“அடிச்சா ஓடியிருப்போமே. அடிக்கடி சும்மா சும்மா கத்துது, வேலை கெடுதுன்னு ஒயரையே கழட்டிட்டாங்க.”

பிறகு கம்பெனி காகிதத்தோடு வந்தது. நுரையீரல் கெட்டவர்களுக்கு ஆயுள் முழுக்க வைத்தியம். பதிலுக்கு, நடந்ததையும் கம்பெனியின் பெயரையும் சாகும்வரை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டுக்கே மருந்து நிற்கும். “மறந்துட்டோம்னு நெனச்சியா? அந்தக் கொக்கை அறியாதவங்க இந்தத் தெருவுல யாரும்மா?” என்றாள். பேசப் பேசக் குரல் விசிலாகிப் போகிறது அவளுக்கு.

அக்கா, அத்தானிடம் ஒன்றே ஒன்று கேள். அங்கே சைரன் அடிக்கிறதா? நீ காதால் கேட்டிருக்கிறாயா?

உன் தங்கை


ஏப்ரல் 12

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மறைக்க மாட்டேன். ஆறு வருஷம் வாடகை வீட்டில் சீரழிந்து இப்போதுதான் காலை நீட்டிப் படுக்கிறோம். அது பொறுக்காமல் உன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லா என்று நினைத்தேன்.

உன் அத்தானும் முதலில் சிரித்தார். “கொக்கு எல்லா ஊருலயும்தான் இருக்கு. உன் தங்கச்சி ஊரு கொக்கு வேற, நம்ம கொக்கு வேற” என்றார். ஆனாலும் மனசு கேட்காமல், பேச்சுவாக்கில் மேனேஜரிடம், “சார், நமக்கு வெளிநாட்டுலயும் ஃபாக்டரி இருந்துச்சாமே?” என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “யார் சொன்னா?” என்றாராம். அவ்வளவுதான்.

மறுநாள் குவார்ட்டர்ஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். குழாயில் ஒழுக்கு இருக்கிறதா பார்க்க வந்தேன் என்றார். குழாய்ப் பக்கமே போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். அலமாரியில் இருந்த உன் போட்டோவைப் பார்த்து, “இது யாரு? எந்த நாட்டுல இருக்காங்க? என்ன வேலை?” என்றார். பட்டாணி முந்திக்கொண்டு, “தித்தி! அட்டை காட்டுவாங்க!” என்றாள். அவர் சிரித்தார், தங்கை. அந்தச் சிரிப்பு இன்னும் என் முதுகில் ஊர்கிறது.

இனி வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. கீழே தையல்காரம்மா கடை விலாசம் தந்திருக்கிறேன்.

(இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.) உன் அத்தான் இன்று சைரன் கம்பத்தில் ஏறிப் பார்த்தார். மாதத்துக்கு ஒரு முறை சோதனை என்று பதிவேட்டில் கையெழுத்து வரிசையாக இருக்கிறதாம். பெட்டிக்குள் ஒயரே இல்லை. சிலந்தி வலைதான் இருக்கிறது. இறங்கி வந்தவர் சாப்பிடவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, கொக்கு சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார்.

அக்கா


ஏப்ரல் 25

அன்பு அக்கா,

குவார்ட்டர்ஸை விட்டு வந்துவிடுங்கள். வாடகை வீடோ, ஒண்டுக்குடித்தனமோ, உயிர் இருந்தால் உப்பு விற்றாவது பிழைக்கலாம்.

அதுவரை நான் எழுதுவதை மனப்பாடம் செய்துகொள். முடிதிருத்தும் அம்மாவும் அவள் அண்டை வீட்டாரும் சொல்லச் சொல்ல எழுதினேன். அடிபட்டவர்கள் சொன்னது. வாசனை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து உட்காராதே. பள்ளத்துக்குப் போகாதே. காற்று வரும் திசைக்குக் குறுக்கே ஓடி, மேட்டுக்கு ஏறு. மூக்கிலும் வாயிலும் ஈரத்துணி. பட்டாணியைத் தோளில் ஏற்றிக்கொள், கை பிடித்து நடத்தாதே, கீழேதான் விஷம்.

இங்கே நானும் ஒன்று செய்தேன். எங்கள் மேற்பார்வையாளர் மேஜையைத் தட்டிச் சிரித்தபடி வந்தார். “இருபத்து மூணுல ஒருத்தர்கூட அடையாளம் சொல்லல! வாடிக்கையாளருக்கு ரொம்ப சந்தோஷம். பழைய கெட்ட பேரு சுத்தமா போயிடுச்சு, இனிமே எந்த நாட்டுலயும் அதே கொக்கைப் போட்டுக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது அட்டையும் இந்த ஒரு அட்டைக்காகத்தான். நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்து வந்தது அவர்கள் போட்ட பூட்டு இன்னும் பலமாக இருக்கிறதா என்று.

அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். அந்தத் தெரு ஜனங்களின் மருந்து நின்றுவிடுமே என்று ஒன்றும் சொல்லாமல் நின்றேன். பையையும் அட்டைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளாக ஒரு வெள்ளைக் கார் என் தெருமுனையில் நிற்கிறது. யாருடையதோ. என் பயத்துக்கு எல்லாமே அவர்களுடையதாகத் தெரிகிறது.

உன் தங்கை


மே 9

கண்ணான தங்கைக்கு,

வேலை போய்விட்டதா? என்னால்தானே. நான் அந்த பேட்ஜை அனுப்பாமல் இருந்திருந்தால் நீ நிம்மதியாக இருந்திருப்பாய். இல்லை, அதுவும் பொய்.

உடனே வர முடியாது. பள்ளி முடிய மூன்று வாரம் இருக்கிறது. அதோடு உன் அத்தான், “நாம போயிடலாம், பக்கத்து வீட்டுக்காரன் எங்க போவான்?” என்கிறார். தினமும் சாப்பாட்டுப் பாத்திரத்தின் அடித்தட்டில் முழம் முழமாக ஒயரை வைத்துக்கொண்டு போகிறார். வால்வு பார்க்கிற சாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இணைக்கிறார். இன்னும் ஐந்தாறு நாள் வேலையாம். பிடிபட்டால் சீட்டுக் கிழியும். அதற்கு மேலும் ஏதாவது நடக்குமோ என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

நான் தையல்காரம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் தெருப் பெண்களிடம், “சர்க்கரை வியாதிக்கு நல்லது” என்று சொல்லி, தினமும் காலையில் பள்ளிக்கூட மேட்டுக்கு நடக்கக் கூட்டிப்போகிறாள். இப்போது பதினெட்டுப் பேர் நடக்கிறோம். எந்தச் சந்து நேரே ஏறுகிறது, எது முட்டுச்சந்து என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வோம். பட்டாணி ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு திருடன்-போலீஸ் விளையாடுகிறாள். துணி துவைத்தால் வருகிற சலவைத்தூள் வாசனைக்கே நான் கதவைத் திறந்து தெருவை எட்டிப் பார்க்கிறேன்.

நீ பத்திரமாக இரு. தனியாக வெளியே போகாதே.

அக்கா


ஜூன் 3

தங்கை,

நடந்துவிட்டது. மே 27, காலை பதினொன்றரை மணி. நான் மெஷினில் இருந்தேன். சைரன் கத்தியது. இந்த ஊரில் முதல் முறையாகக் கத்தியது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினோம். நடக்க வராதவர்கள்கூட எங்களைப் பார்த்துப் பின்னால் வந்தார்கள். மேலே நின்று பார்த்தபோது எங்கள் தெருவில் மஞ்சளாக, முழங்கால் உயரத்துக்கு, அது மெதுவாக நகர்ந்தது. உள்ளே ஒரு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. பிறகு குரைக்கவில்லை.

தெருவில் ஒரு உயிரும் போகவில்லை. ஃபாக்டரிக்குள் நாலு பேர் போய்விட்டார்கள். பொத்தானை அமுக்கியது உன் அத்தான். அமுக்கிவிட்டு வெளியே ஓடியிருக்கலாம். வால்வை மூடப் போயிருக்கிறார். மூடிவிட்டார்.

அவருக்கு உயிர் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். நாலு வார்த்தைக்கு மேல் ஒரே மூச்சில் பேச முடியவில்லை.

குவார்ட்டர்ஸ் அதிகாரி காகிதத்தோடு வந்தார். “அக்கா, ஒரு கையெழுத்துதான். ஆயுசுக்கும் வைத்தியம் எங்க பொறுப்பு” என்றார். அக்கா என்று கூப்பிட்டார். உள்ளே உன் அத்தான் மூச்சு இழுக்கிற சத்தம் வராந்தா வரை கேட்டது. நான் போட்டுவிட்டேன்.

என் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடு. எல்லாவற்றையும். இனி இதைப்பற்றி எனக்கு எழுதாதே.

அக்கா


ஜூன் 16

அக்கா,

எழுதாதே என்றாய். மன்னித்துக்கொள்.

நான் கிழிக்கவில்லை. இங்கே பத்திரிகையில் கொக்குப் படத்தோடு கம்பெனி அரைப்பக்கம் விளம்பரம் கொடுத்திருக்கிறது: ‘எங்கள் சைரன் ஒரு தெருவையே காப்பாற்றியது.’ இன்னும் இரண்டு நாடுகளில் ஃபாக்டரி கட்டப்போகிறார்களாம்.

முடிதிருத்தும் அம்மா பேசத் துணிந்துவிட்டாள். அவளோடு ஒன்பது வீட்டார். ஒரு பெண் வக்கீல் கிடைத்திருக்கிறார். “வாய்ச்சொல் மட்டும் போதாது, எழுத்துல ஏதாவது வேணும்” என்கிறார். விபத்துக்கு முன்னாலேயே, தேதி போட்டு, ‘பெட்டிக்குள் ஒயரே இல்லை’ என்று எழுதிய காகிதம் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. நீ ஏப்ரலில் எழுதியது. தபால் முத்திரையோடு என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

கொடுத்தால் அத்தானின் வைத்தியம் நிற்கலாம். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ சொல்லாமல் கொடுக்க மாட்டேன். கிழிக்கவும் மாட்டேன். எதற்கும் துணிவில்லாமல் அதன்மேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறேன்.

உன் தங்கை


ஜூன் 30

வாயாடிக்கு,

உன் கடிதத்தைத் தையல்காரம்மா பழக்கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். மூன்று நாள் இடுப்பிலேயே வைத்திருந்தேன். இவரிடம் சொல்லவில்லை. இந்த உடம்புக்கு எதற்கு என்று நினைத்தேன்.

நேற்று இவரே, “என்ன மறைக்கிற?” என்றார். காதோடு காதாகப் படித்துக் காட்டினேன். விளம்பரம் என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன். மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். ஒவ்வொரு நாலு வார்த்தைக்கும் நடுவில் நான் ஐந்து ஆறு எண்ணும் அளவுக்கு நிறுத்தி நிறுத்திப் பேசினார். நிறுத்தங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்:

“அது அவங்க சைரன் இல்ல. ஒயர் நான் போட்டது. உள்ள செத்த நாலு பேரும் எனக்குத் தெரிஞ்சவங்க. கொடுக்கச் சொல்லு. என் பேரைப் போட்டே கொடுக்கச் சொல்லு.”

“வைத்தியம் நின்னா?” என்றேன்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றார்.

எனக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், சில்லென்றிருந்தது, என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பட்டாணியைத் தையல்காரம்மா தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். விலாசத்தை இதில் எழுதவில்லை. தர்ம ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது, அங்கே படுக்கை கிடைக்குமா என்று நாளை விசாரிக்கப் போகிறேன்.

அதிகாரி வராந்தாவில் காவலிருக்கிறார். இப்போது டீ குடிக்கக் கீழே போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் எதிர்ச்சாரித் தபால் பெட்டிக்குப் போய்வர வேண்டும். மேலே எழுத நேரமில்லை.

கொடுத்துவிடு.

உன் அக்கா